பதினெட்டு வயதை எட்டும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்: பாதுகாப்பு விதிகளில் எவை மாறும், எவை மாறக் கூடாது

ஜிம்னாஸ்டிக்ஸில் பலர் ஐந்தாறு வயதிலேயே பயிற்சிக்கூடத்துக்குள் வந்துவிடுகிறார்கள். அதே பயிற்சியாளர், அதே பிசியோதெரபிஸ்ட், அதே சக வீரர்கள் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு, பிறந்தநாள் ஒன்றில் சட்டம் அவரை மேஜர் என்கிறது. முந்தைய நாள் மாலை பயிற்சி முடித்துச் சென்றவர் மறுநாள் காலை அதே பீமின் (சமநிலைக் கட்டையின்) மேல் ஏறும்போது கூடத்தில் எதுவும் மாறியிருப்பதில்லை. ஆனால் விதிகளுக்குள் அவருடைய இடம் இரண்டு வகையில் மாறிவிட்டது. சிறாருக்கென எழுதப்பட்ட பாதுகாப்புகளில் பல அவருக்கு இனிப் பொருந்தாது. சிறாரைக் காப்பதற்காக வயது வந்தவர்கள் மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளோ இனி அவருக்கும் பொருந்தும்.

பயிற்சிக்கூடங்கள் இரண்டாவது மாற்றத்தை ஓரளவு கவனித்துக்கொள்கின்றன; இணையவழி வகுப்பொன்றை முடிக்கச் சொல்லி, படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த வேலை முடிந்ததாகிவிடும். முதல் மாற்றம்தான் கவனிப்பாரற்றுப் போகிறது. பயிற்சியாளருக்கு வீரர் மீதுள்ள அதிகாரம் பதினெட்டாவது பிறந்தநாளில் ஒரு துளியும் குறைவதில்லை என்பதை மனத்தில் வைத்துத்தான் கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் செய்ய வேண்டும்.

எந்த வயது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கை பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறார் என்கிறது. பெரும்பாலான நாடுகளில் மேஜராகும் வயதும் அதுவே. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை. ஸ்காட்லாந்தில் முழுச் சட்டத் தகுதி 16 வயதிலேயே கிடைக்கிறது; மேஜராகும் வயது நியூசிலாந்தில் 20, சிங்கப்பூரில் 21 என்று மாறுகிறது; ஜப்பான் 2022 ஏப்ரலில்தான் 20 என்பதை 18 ஆகக் குறைத்தது. அமெரிக்காவில் அலபாமா, நெப்ராஸ்கா மாநிலங்களில் சட்டப்படி மேஜராக 19 வயது ஆக வேண்டும். ஆனால் அந்நாட்டின் விளையாட்டுப் பாதுகாப்பு விதிகள் மாநிலம் எதுவானாலும் 18 என்ற கோட்டையே பின்பற்றுகின்றன. அங்கே பதினெட்டு வயது வீரர் மாநிலச் சட்டப்படி மைனராகவும், சிறாரிடம் நடந்துகொள்ளும் முறையில் வயது வந்தவராகவும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும்.

விளையாட்டுக்குள் வழங்கும் ‘சீனியர்’ என்ற சொல்லை நம்பி எதையும் முடிவுசெய்யாதீர்கள். சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் விதிப்படி, பீம், வால்ட் போன்ற கருவிகளில் நடக்கும் ஆர்ட்டிஸ்டிக் பிரிவில் பெண்கள் பதினாறு வயதை நிறைவுசெய்யும் ஆண்டிலிருந்தே சீனியர் பிரிவில் போட்டியிடலாம். அதே பிரிவின் ஆண்களுக்கு அது 18. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா டோக்கியோ ஒலிம்பிக்கில் 46 வயதில் வால்ட் (ஓடிவந்து கருவியைத் தாண்டும் போட்டி) செய்தார். அவரோடு ஒரே பிரிவில், ஒரே உடைமாற்றும் அறைகளைப் பயன்படுத்திப் போட்டியிட்டவர்களில் பதினாறு வயதினரும் இருந்தார்கள். சீனியர் அணி என்பதற்காக அந்த அறையில் இருப்பவர்கள் எல்லோரும் மேஜர் ஆகிவிடுவதில்லை.

எனவே வீரர் வாழும் இடத்தின் சட்டம், போட்டி நடக்கும் இடத்தின் சட்டம், அவர் உறுப்பினராக உள்ள கூட்டமைப்பின் விதி ஆகிய மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, அவற்றுள் எது கடுமையானதோ அதையே கூடத்தின் விதியாகக் கொள்ளுங்கள். இனி இந்தக் கட்டுரையில் பதினெட்டு என்று வருமிடங்களில் உங்களுக்குப் பொருந்தும் வயதை இட்டுப் படிக்கலாம்.

பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

அடுத்த ஓராண்டில் பதினெட்டை எட்டப்போகிறவர்களின் பட்டியலைக் கூடத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆண்டுத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சுமார் ஆறு மாதம் முன்னதாக வீரர், பெற்றோர், பொறுப்பாளர் மூவரும் அமர்ந்து பேசும் சந்திப்பை ஏற்பாடு செய்யுங்கள். தலைமைப் பயிற்சியாளரை இந்தச் சந்திப்புக்கு அழைக்காமல் இருப்பதே நல்லது. பேச வேண்டிய விஷயங்களில் பாதி அவரைப் பற்றியதாக இருக்கும், அவர் எதிரே அமர்ந்திருந்தால் எந்தப் பதினேழு வயதினரும் வாய் திறக்க மாட்டார்.

அந்தச் சந்திப்பில், இதுவரை பெற்றோர் கையெழுத்திட்ட ஒவ்வொரு படிவத்தையும் மேசையில் பரப்புங்கள்: மருத்துவச் சிகிச்சைக்கான சம்மதம், புகைப்பட, காணொளி அனுமதி, வெளியூர்ப் பயண அனுமதி, அவசரத் தொடர்பு விவரம், தகவல் பகிர்வு ஒப்புதல். பிறந்தநாளுக்குப் பின் இவை எல்லாவற்றையும் வீரர் தம் பெயரில் புதிதாக எழுதித் தர வேண்டும். பழைய படிவத்தின் அடியில் இன்னொரு கையெழுத்தை வாங்கிக்கொள்வது போதாது. எட்டு வயதில் பெற்றோர் அனுமதித்த, உடலோடு ஒட்டிய பயிற்சி உடையான லியோடார்ட் அணிந்த படம் கூடத்தின் விளம்பரத்தில் தொடர்ந்து இருக்க வேண்டுமா என்பதை இனி அவரே தீர்மானிப்பார். வேண்டாம் என்றால் அகற்றிவிட வேண்டும்.

மருத்துவத் தகவலில் மாற்றம் பெரிது. பல நாடுகளில் பதினெட்டுக்குப் பின் மருத்துவர் வீரரின் அனுமதியின்றிப் பெற்றோரிடமே எதையும் சொல்ல முடியாது. அப்படியிருக்கப் பயிற்சியாளரிடம் சொல்வது எவ்வாறு சரியாகும்? பயிற்சியாளருக்குத் தெரிய வேண்டியது வீரர் இன்று எந்தக் கருவியில், எவ்வளவு பயிற்சி செய்யலாம் என்பது மட்டுமே. மாதவிடாய், மனநலம், உணவுப் பழக்கம் ஆகியவை பற்றிய விவரங்கள் மருத்துவரிடமே நிற்க வேண்டும். அவசர நிலையில் யாரை அழைப்பது, அவரிடம் எதுவரை சொல்லலாம் என்பதையும் வீரரிடமே எழுதி வாங்குங்கள். பெற்றோரை அவர் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்காமலும் இருக்கலாம்.

எடை பார்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு 2023-ல் வெளியிட்ட விதிகள், பத்து வயது வரையுள்ளவர்களை எடை பார்க்கவே கூடாது என்றும், அதற்கு மேற்பட்டவர்களைத் தகுந்த அறிவியல் காரணம் இருந்தால் மட்டும், தகுதி பெற்ற விளையாட்டு அறிவியல் அல்லது மருத்துவ வல்லுநர் மட்டும், வீரரின் சம்மதத்தோடு எடை பார்க்கலாம் என்றும் சொல்கின்றன. பதினெட்டுக்குக் கீழ் இருந்தால் பெற்றோரின் சம்மதமும் தேவை. பதினெட்டானதும் பெற்றோரின் சம்மதம் என்ற நிபந்தனை மட்டும்தான் விலகுகிறது. தகுதியும் காரணமும் தேவை என்பது விலகுவதில்லை. எல்லாப் படிவங்களையும் இப்படி வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

ஊக்கமருந்துச் சோதனை பற்றி இரண்டு வரி போதும். மைனர் என்ற வகையில் மாதிரி எடுக்கும்போது உடனிருக்கப் பிரதிநிதி ஒருவரைப் பெற்றுவந்தது போன்ற தனிச் சலுகைகள் முடிகின்றன, தண்டனை வந்தால் பெயரை வெளியிடாமல் விடும் வாய்ப்பும் முடிகிறது. இதை முதல் சோதனையின்போது அவர் அறிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள்.

பயிற்சியாளருக்கும் வீரருக்கும் இடையே

‘அவர் மேஜர்தானே, சம்மதத்தோடுதான் பழகுகிறார்’ என்ற வாதம் பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் பின் எளிதாக எழும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-ல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்போர் பதினாறு, பதினேழு வயதினருடன் பாலியல் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் விதியை விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் விரித்தது. நல்ல திருத்தம்தான், ஆனால் அது பதினெட்டில் நின்றுவிடுகிறது. குற்றவியல் சட்டம் நின்றுவிடும் இடத்திலிருந்து கூடத்தின் நடத்தை விதி தொடங்க வேண்டும்.

விளையாட்டில் நடக்கும் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் அமெரிக்காவின் சேஃப்ஸ்போர்ட் மையத்தின் நடத்தை விதி இதற்கு ஓரளவு முன்மாதிரியாக உள்ளது. பயிற்சியாளர், வீரர் என்ற உறவு நீடிக்கும் காலம் முழுவதும், வீரரின் வயது எதுவானாலும், இருவருக்கும் இடையே அதிகாரச் சமனின்மை இருப்பதாகவே அந்த விதி அனுமானிக்கிறது. மைனராக இருந்தபோது பயிற்சி பெற்றவர் பிறகு அந்தப் பயிற்சியாளரை விட்டு விலகிவிட்டாலும், அவருக்கு 20 வயதாகும்வரை அந்த அனுமானம் தொடர்கிறது. பதினெட்டாவது பிறந்தநாளை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்ட பிரிவாகவே இதை நான் படிக்கிறேன். உங்கள் கூட்டமைப்பில் இதற்கு இணையான விதி இல்லையென்றால், கூடத்தின் அளவிலாவது எழுதிவையுங்கள்: பயிற்சியாளர், உதவியாளர், மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், நடுவர், தேர்வுக் குழுவினர் ஆகிய எவரும், தம் தீர்ப்புக்கோ பராமரிப்புக்கோ உட்பட்ட வீரரோடு, அவர் வயது எதுவானாலும் காதல் அல்லது பாலியல் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது, அந்தப் பொறுப்பு முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம்வரை கூடாது. தேர்வுக் குழுவினரையும் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த விளையாட்டில் அணியில் இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் சிலருடைய கருத்தைப் பொறுத்தது, அந்தச் சிலர் எப்போதும் தரையில் நின்று பயிற்சி தருபவர்களாக இருப்பதில்லை.

வயது வந்தவர் என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கு லாரி நாசர் வழக்கைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அமெரிக்கத் தேசிய அணிக்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவராக இருந்த அவரால் பாதிக்கப்பட்டவர்களில் சிறுமிகளோடு வயது வந்த கல்லூரி வீராங்கனைகளும் இருந்தார்கள். 2014-ல் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடித்திருந்த இளம்பெண் ஒருவர் புகார் அளித்தார். அதை விசாரித்த பல்கலைக்கழகம், நடந்தது மருத்துவ முறைதான் என்று முடித்துவிட்டது. அதன் பின்னும் நாசர் 2016 வரை அங்கே தொடர்ந்து பணியாற்றினார். 2018 ஜனவரியில்தான் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிகிச்சை அறைக் கதவைத் திறந்து வைத்தல், உடன் ஒருவர் இருத்தல், தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கிச் சம்மதம் கேட்டல் ஆகியவற்றைச் சிறார் விதிகள் என்ற தலைப்பின் கீழ் வைக்காமல், எல்லா வயதினருக்கும் பொதுவான விதிகளாக எழுத வேண்டும்.

கையால் தாங்கி உதவும் ஸ்பாட்டிங்கும் அப்படியே. பார்ஸில் (கம்பிகளில்) புதிய ரிலீஸ் ஒன்றை, அதாவது கம்பியை விட்டு மீண்டும் பிடிக்கும் அசைவை, பழகும் இருபது வயதினரையும் பயிற்சியாளர் பிடித்துத்தான் ஆக வேண்டும். உடலைத் தொடாமல் இந்த விளையாட்டைக் கற்றுத்தர இயலாது. எங்கே, எதற்காகத் தொடுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் செய்வதும், வேண்டாம் என்ற வீரருக்கு மாற்று வழி ஒன்றைத் தருவதும் போதுமானவை. வலியால் அழும் வீரரை மேலும் அழுத்தி ஸ்பிளிட் போட வைப்பது எந்த வயதிலும் பயிற்சி ஆகாது.

இனி வீரருக்கு நேராகச் சில வரிகள். இதுவரை உங்களுக்கு வந்த செய்திகளில் பெற்றோரோ இன்னொரு பெரியவரோ சேர்க்கப்பட்டிருப்பார். பதினெட்டுக்குப் பின் அந்தக் கட்டாயம் பல இடங்களில் நீங்கிவிடும். நீங்கினாலும், இன்னொருவரைச் சேர்த்தே செய்தி அனுப்பும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டதற்காக எவரும் உங்களைக் குழந்தைபோல் நடந்துகொள்வதாகச் சொல்ல இடமில்லை. ‘இனி நீ பெரியவள், அம்மாவிடம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை’ என்று பயிற்சியாளர் சொன்னால், இரவு நேரத்தில் தனிச் செய்திகள் வரத் தொடங்கினால், பயிற்சியோடு தொடர்பில்லாத பரிசுகளோ அழைப்புகளோ வந்தால், அவற்றைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள். குற்றம் நடந்ததாக நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது அல்ல.

இளைய வீரர்களுடன்

பிறந்தநாளுக்கு மறுநாள் வீரர் அதே நண்பர்களோடுதான் பழகுவார். அவர்களில் பலர் பதினான்கு, பதினைந்து வயதினர். இங்கே விதிகள் மிகக் கடுமையாக இருந்தால் அணி உடையும், தளர்வாக இருந்தால் ஆபத்து. அமெரிக்க விதிகள் இதற்காக வயது நெருக்க விதிவிலக்கு ஒன்றை வைத்திருக்கின்றன: வயது வந்த வீரருக்கு மைனர் மீது எந்த அதிகாரமும் இல்லாமல், இருவருக்கும் இடையே வயது வித்தியாசம் நான்கு ஆண்டுக்கு மேற்படாமல் இருந்தால், தனியே இருப்பது, செய்தி அனுப்புவது போன்றவற்றில் கட்டுப்பாடு தளர்கிறது. போட்டிக்குச் செல்லும்போது அறையைப் பகிர்ந்துகொள்ள மைனரின் பெற்றோரிடம் எழுத்துமூலம் முன்கூட்டியே அனுமதி பெறவும் வேண்டும்.

அதிகாரம் இல்லாமல் என்ற நிபந்தனையில்தான் பெரும்பாலான கூடங்கள் தடுக்கி விழுகின்றன. பதினெட்டானதும் பலர் சிறு குழந்தைகளின் வகுப்பில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பதினைந்து வயதினருக்குப் பீமில் திருத்தம் சொல்பவர், புதன்கிழமை அவரோடு சேர்ந்து அதே பீமில் பயிற்சி செய்கிறார். வகுப்பெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, அந்த மைனர்களைப் பொறுத்தவரை அவர் பயிற்சியாளரே. வயது நெருக்க விதிவிலக்கு அவருக்குப் பொருந்தாது. இதைத் தவிர்க்க எளிய வழி, அவர் கற்பிக்கும் குழுவையும் அவர் பயிலும் குழுவையும் முற்றிலும் பிரித்துவைப்பது. பின்னணிச் சரிபார்ப்பும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பும் முதல் வகுப்பை எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சேஃப்ஸ்போர்ட் பயிற்சிக்குச் சிறாரோடு தொடர்ந்து பழகத் தொடங்கும் முன், அல்லது உறுப்பினராகவோ புதிய பொறுப்பிலோ சேர்ந்த 45 நாட்களுக்குள் என்று கெடு உண்டு. இந்த விஷயத்தில் 45 நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அன்றாட நடைமுறையில் நினைவில் வைக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. ஓட்டுநர் உரிமம் புதிதாகப் பெற்றவர், இளைய வீரர் ஒருவரை மட்டும் தனியே காரில் வீட்டில் கொண்டுபோய் விடுவதைத் தவிர்க்க வேண்டும். குறைந்தது இன்னொருவராவது உடன் வரட்டும். உடைமாற்றும் அறையில் போனை எடுத்துப் படம் பிடிப்பது, விளையாட்டாக என்றாலும், எவருக்கும் அனுமதியில்லை. வெளியூர்ப் போட்டிகளின் அறைப் பட்டியலைப் பயண நாளன்றைய வயதை வைத்துத் தயாரியுங்கள், பதிவு செய்த நாளின் வயதை வைத்து அல்ல.

பலரும் பேசத் தயங்கும் விஷயம், பதினேழு வயதில் தொடங்கிய காதல். நேற்றுவரை இரண்டு மைனர்களுக்கு இடையே இருந்த உறவு, ஒருவர் மேஜரானதும் சில நாடுகளில் சட்டத்தின் பார்வையில் வேறாகிவிடும். பாலியல் சம்மத வயதும், வயது நெருக்கத்துக்கான விலக்கும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், கூடத்தில் யாரும் ஊகித்து அறிவுரை சொல்லாமல், வழக்கறிஞரிடமோ சிறார் நல அமைப்பிடமோ கேட்கும்படி இருவரையும் வழிப்படுத்த வேண்டும். மைனர் ஒருவரின் அந்தரங்கப் படத்தை வைத்திருப்பது பல நாடுகளில் கடுமையான குற்றம். அனுப்பியவர் விரும்பியே அனுப்பினார் என்பது தற்காப்பு ஆகாது. இதை ஆறு மாதத்துக்கு முந்தைய அந்தச் சந்திப்பிலேயே, பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நேராகப் பேசிவிடுவது நல்லது.

தெரிந்ததைச் சொல்லும் கடமை

அமெரிக்காவில் 2018-ல் நடப்புக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், விளையாட்டில் சிறாரோடு பழகப் பொறுப்புப் பெற்ற வயது வந்தவர்கள் சிறார் துன்புறுத்தல் பற்றிய சந்தேகத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சேஃப்ஸ்போர்ட் விதிகள் வயது வந்த வீரர்களையும் அந்தக் கடமைக்குள் கொண்டுவருகின்றன. பிற நாடுகளிலும் வெவ்வேறு அளவில் இத்தகைய கடமை உண்டு. பதினெட்டு வயதான வீரருக்கு இது பெருஞ்சுமை. பதிமூன்று வயதுத் தோழி அவரிடம்தான் முதலில் மனம் திறப்பார், பெரியவர்களிடம் அல்ல. அப்படித் திறந்தால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்கக் கூடாது. அவர் சொன்ன சொற்களிலேயே தேதி, நேரத்தோடு எழுதிவைத்து, அன்றே காவல்துறைக்கோ சிறார் நல அமைப்புக்கோ சொல்லிவிட்டு, கூட்டமைப்பின் பாதுகாப்புப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும். குறிப்பிடப்பட்ட நபரிடம் முதலில் விசாரிப்பது, எண்ணம் நல்லதாயினும், சான்றை அழிக்க அவருக்கு அவகாசம் கொடுப்பதாகவே முடியும்.

தமக்கே முன்பு நடந்தது என்றால் நிலைமை வேறு. எப்போது, யாரிடம் சொல்வது என்பதை வீரரே முடிவுசெய்யட்டும். அதே நபரிடம் இப்போதும் சிறார் பயிற்சி பெறுகிறார்கள் என்றால், அவர்களைப் பற்றிய ஐயத்தை அறிந்த பெரியவர்களுக்கு மட்டும் தனிக் கடமை எழுகிறது. மைனராக இருந்தபோது நடந்தது, மேஜரான பிறகு சொன்னாலும் சிறார் துன்புறுத்தலே. ஆனால் நட்டஈட்டு வழக்குகளுக்கான கால வரம்பு பல நாடுகளில் பதினெட்டாவது பிறந்தநாளன்றுதான் ஓடத் தொடங்குகிறது என்பதை வீரர் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது பொதுவாக மூன்று ஆண்டு. அமெரிக்கா 2022-ல் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வரும் இத்தகைய உரிமையியல் வழக்குகளுக்கு வரம்பையே நீக்கிவிட்டது. விளையாட்டு அமைப்புகளுக்குள் அளிக்கும் புகார்களுக்கு வேறு கணக்கு. சேஃப்ஸ்போர்ட் மையம் கால வரம்பு வைத்திருக்கவில்லை. சர்வதேச அளவில் ஜிம்னாஸ்டிக்ஸ் நெறிமுறை அறக்கட்டளை புகார்களைப் பெறுகிறது.

இதனால்தான் கூடம் செய்ய வேண்டிய கடைசி வேலையும் முக்கியமாகிறது. வீரர் மேஜரானதும் பழைய கோப்பை மூடி அழித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. காயக் குறிப்பேடு, வருகைப் பதிவு, பயண அறைப் பட்டியல், முன்பு எழுந்த சிறு முறையீடுகள் ஆகியவை பிற்காலத்தில் சான்றாகலாம். சிறார் பாலியல் துன்புறுத்தல் குறித்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த பொது விசாரணை, 2022-ல் தந்த இறுதி அறிக்கையில், தெரியவந்த துன்புறுத்தல் தொடர்பான பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கப் பரிந்துரைத்தது. உங்கள் நாட்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அவற்றைப் பூட்டி வையுங்கள். பதினெட்டு வயதை எட்டியவர் தம் கோப்பின் நகலைக் கேட்டால், காரணம் கேட்காமல் கொடுங்கள்.